ஆர்ட் பிளேக்கியும் ஜாஸ் மெசஞ்சர்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்ட் பிளேக்கி யார்?

அமெரிக்க ஜாஸ் டிரம்மர், குழுத்தலைவர். 1919 அக்டோபர் 11 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். 1990 அக்டோபர் 16 அன்று, எழுபத்தொன்று நிறைந்த ஐந்தாம் நாள், நியூயார்க்கில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். 1950களின் நடுவில் உருவான ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவைச் சாகும்வரை நடத்தினார். ஏறத்தாழ முப்பத்தைந்து வருடம். அதற்குள் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், குழுவின் ஓசை மட்டும் மாறவில்லை. அந்த ஓசை பின்னால் உட்கார்ந்திருந்த டிரம்மரிடமிருந்து வந்தது.

அவருடைய வாசிப்பையும் தலைமையையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசும் கட்டுரைகள் நிறைய உண்டு. எங்கள் பார்வையில் இரண்டும் ஒரே வேலை. ஒரு இளைஞன் சோலோ வாசிக்கும்போது எங்கே ஏற வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எப்போது முடித்துக்கொண்டு நகர வேண்டும் என்பதையெல்லாம் பிளேக்கி வாயால் சொன்னதைவிடக் குச்சியால் சொன்னதே அதிகம். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த இடத்துக்கே திரும்பும்.

முதலில் பியானோ வாசித்தார் என்பது உண்மையா?

உண்மை. பிறந்து சிறிது காலத்திலேயே தாய் இறந்துவிட, குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் வளர்ந்தார். பதின்ம வயதிலேயே பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலை வேலையையும் பார்த்தார், இரவில் கேள்வி ஞானத்தால் கற்ற பியானோவைக்கொண்டு குழுவும் நடத்தினார். பியானோவிலிருந்து டிரம்ஸுக்கு மாறியதற்கு அவரே பல பேட்டிகளில் சொன்ன கதை இது: கிளப் முதலாளி துப்பாக்கியைக் காட்டி, பியானோவை எரால் கார்னரிடம் விட்டுவிட்டு டிரம்ஸில் உட்காரச் சொன்னாராம். பிளேக்கி கதை சொல்வதில் கெட்டிக்காரர், அதனால் துப்பாக்கியை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். கார்னரும் அதே பிட்ஸ்பர்க்காரர்தான், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞர். அப்படி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் பியானோவை விட்டுக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

மெசஞ்சர்ஸுக்கு முன் யாரிடம் வாசித்தார்?

1942இல் மேரி லூ வில்லியம்ஸ் குழுவோடு நியூயார்க் வந்தார். அடுத்து ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் பெரிய குழு. அந்தக் காலத்துத் தென்மாநிலப் பயணம் ஒன்றில் ஜார்ஜியாவில் போலீஸ்காரர்கள் அவரை அடித்ததில் மண்டையில் காயம்பட்டு, எஃகுத் தகடு பொருத்த வேண்டியதாயிற்று. அதனாலேயே ராணுவத்துக்குத் தகுதியற்றவர் ஆனார்.

1944 முதல் 1947 வரை பில்லி எக்ஸ்டைன் குழுவில் இருந்தது அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது. டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர், டெக்ஸ்டர் கார்டன், ஃபேட்ஸ் நவாரோ, மைல்ஸ் டேவிஸ், பாடகி சாரா வான் என்று பீபாப் (1940களின் வேகமான, சிக்கலான ஜாஸ் பாணி) இசையின் முக்கியமான ஆட்கள் எல்லாரும் வெவ்வேறு சமயங்களில் அந்தக் குழுவைக் கடந்து போனவர்கள். பதினைந்து பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் மேடையில் எல்லாரையும் ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்தும் வலு அவருக்கு அங்கே வாய்த்தது. பிற்காலத்தில் ஐந்து பேர் குழுவை அவர் பெரிய குழுவைப் போல ஒலிக்க வைத்ததற்கு அதுவே அடித்தளம்.

1947இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு முதல்முதலாகப் பதிவு செய்தபோதும் டிரம்ஸில் பிளேக்கிதான். மங்க்கின் இசையில் இடைவெளிகள் அதிகம். அவற்றை நிரப்பாமல், அவற்றுக்கு விளிம்பு கட்டித் தரும் டிரம்மர்கள் வெகு சிலர். பிளேக்கி அவர்களில் முதல்வர் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆப்பிரிக்காவுக்குப் போய் முரசு கற்றுக்கொண்டு வந்தாரா?

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள், ஆனால் அவரே அதை மறுத்திருக்கிறார். 1940களின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கா போனார். சமயமும் தத்துவமும் படிக்கப் போனேன், முரசுக்காக அல்ல என்பதே அவர் சொன்னது. அங்கே எவ்வளவு காலம் இருந்தார் என்பதில் அவருடைய பேட்டிகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அந்தக் காலகட்டத்தில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்னு புஹைனா என்ற பெயரை எடுத்துக்கொண்டார். நண்பர்கள் ‘பூ’ என்று கூப்பிட்டது அதன் சுருக்கம். 1940களில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் பலரை இஸ்லாத்தின் பக்கம் அழைத்துச் சென்றது அகமதியா இயக்கம். அதன் தொடக்கம் பஞ்சாபின் காதியான் ஊரில்.

இருந்தாலும் ஆப்பிரிக்க, கியூப முரசுகளின் மேல் அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஈர்ப்பு இருந்தது. 1953இல் காங்கா கலைஞர் சாபு மார்ட்டினெஸுடன் இருவராக மட்டும் பதிவு செய்தார். 1957இல் ‘ஆர்ஜி இன் ரிதம்’ தொகுப்புக்காக ஒரு டிரம்மர் பட்டாளத்தையே ஸ்டுடியோவில் கூட்டினார். 1962இல் நைஜீரியக் கலைஞர் சாலமன் இலோரியோடு ‘தி ஆஃப்ரிக்கன் பீட்’ செய்தார். இவை எல்லாம் நல்ல இசை என்று சொல்ல முடியாது. இடையிடையே தொய்வு உண்டு. ஆனால் டிரம்ஸை மையத்தில் வைத்து முழுத் தொகுப்பு வெளியிடும் துணிச்சல் அப்போது வேறு யாருக்கும் அவ்வளவாக இல்லை.

ஜாஸ் மெசஞ்சர்ஸ் எந்த ஆண்டு தொடங்கியது? ஆளுக்கு ஒரு ஆண்டு சொல்கிறார்களே?

குழப்பத்துக்குக் காரணம், அந்தப் பெயர் துண்டு துண்டாக உருவானது. 1947இல் செவன்டீன் மெசஞ்சர்ஸ் என்ற பெரிய குழு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எட்டுப் பேர் குழு ஒன்று ‘ஆர்ட் பிளேக்கிஸ் மெசஞ்சர்ஸ்’ என்ற பெயரில் ப்ளூ நோட்டுக்குப் பதிவு செய்தது. இரண்டும் நிலைக்கவில்லை.

1954 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் பேர்ட்லாண்ட் கிளப்பில் பிளேக்கி, பியானோவில் ஹொரேஸ் சில்வர், ட்ரம்பெட்டில் கிளிஃபர்ட் பிரவுன், ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் லூ டொனால்ட்சன், டபுள் பேஸில் கர்லி ரஸ்ஸல் ஆகிய ஐவரும் வாசித்ததை ப்ளூ நோட் நேரடியாகப் பதிவு செய்தது. குழுவின் ஓசை முழு வடிவில் அங்கேயே கேட்கிறது, பெயர் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. இளைஞர்களோடுதான் இருக்கப் போகிறேன், இவர்களுக்கு வயதானால் இன்னும் இளையவர்களைப் பிடிப்பேன் என்று பிளேக்கி மேடையில் அறிவிப்பதும் அந்தப் பதிவில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 34.

1954 நவம்பரிலும் 1955 பிப்ரவரியிலும் சில்வரின் தலைமையில் கென்னி டோர்ஹாம், ஹாங்க் மோப்லி, டக் வாட்கின்ஸ், பிளேக்கி சேர்ந்து செய்த பதிவுகள்தான் ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்ற பெயரை நிலைநிறுத்தின. அது பங்காளிகளாக நடத்திய கூட்டுக்குழு. 1956இல் சில்வர் விலகினார், மோப்லியும் வாட்கின்ஸும் அவரோடு போனார்கள். பெயர் பிளேக்கியிடம் தங்கியது. ஆகவே 1947, 1954, 1955, 1956 என்று யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு நியாயம் உண்டு.

ஹார்ட் பாப் என்றால் என்ன?

1940களின் பீபாப் வேகமானது, சிக்கலானது, ரசிகருக்காகக் காத்திருக்காதது. அதன் சுர அறிவை வைத்துக்கொண்டு, ப்ளூஸையும் கறுப்பினத் தேவாலயப் பாட்டையும் திரும்பக் கொண்டுவந்து, தாளத்தைக் கனமாக்கினால் ஹார்ட் பாப். நியூயார்க், பிலடெல்பியா, டெட்ராய்ட் கலைஞர்கள் 1950களின் நடுவில் வளர்த்தது. பிளேக்கி, சில்வர் இருவரும் அதன் இரு தூண்கள்.

‘மோனின்’ ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது? அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஜாஸ் மெசஞ்சர்ஸ் வாசித்த இந்தப் பாட்டு, 1958 அக்டோபர் 30 அன்று நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக் ஊரில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பதிவு செய்தது. ட்ரம்பெட்டில் லீ மோர்கன், வயது இருபது. டெனர் சாக்ஸஃபோனில் பென்னி கோல்சன், பியானோவில் பாபி டிம்மன்ஸ், டபுள் பேஸில் ஜிமி மெரிட். பிளேக்கியைத் தவிர நால்வரும் பிலடெல்பியாக்காரர்கள்.

டிம்மன்ஸ் பாட்டுகளுக்கு நடுவில் ஒரு எட்டு பார் துணுக்கை விளையாட்டாக வாசிப்பது வழக்கம். அதைக் கேட்டுக்கொண்டே இருந்த கோல்சன், இதற்கு ஒரு நடுப்பகுதி எழுதி முழுப்பாட்டாக்கு என்று உட்கார வைத்தார். அப்படிப் பிறந்த பாட்டு இது. மொத்தம் 32 பார்: எட்டு பார் பகுதி இரண்டு முறை, வேறு சாயலில் எட்டு பார், திரும்ப முதல் எட்டு. பாருக்கு நான்கு எண்ணிக்கை என்றால் ஒரு சுற்று 128 எண்ணிக்கை. ஜாஸில் இந்தச் சுற்றுக்குப் பெயர் கோரஸ். நம் கச்சேரியில் ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப வருவதுபோல, சோலோ வாசிப்பவர் இந்த 128 எண்ணிக்கைச் சுற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றி வரலாம், வடிவம் கலையக் கூடாது.

ஒன்பதரை நிமிடப் பாட்டை முதல் தடவை கேட்கும்போது பியானோ ஒரு வரி கேட்க, மற்றவர்கள் இரண்டே சுரத்தில் ‘ஆமென்’ என்று பதில் தருவதை மட்டும் பிடியுங்கள். தேவாலயத்துக் கேள்வி-பதில் அது. அந்த இடத்தில் பிளேக்கி எவ்வளவு அடக்கமாக இருக்கிறார் என்று பாருங்கள். நடுப்பகுதி வந்ததும் கதவு திறந்ததுபோல் சுவிங் (துள்ளி முன்னே தள்ளும் ஜாஸ் தாள நடை) ஓடத் தொடங்கும். இரண்டாம் தடவை சோலோக்களின் அடியில் ஓடும் ஷஃபிள் என்ற குலுங்கும் தாள நடையை மட்டும் கேளுங்கள். மோர்கன் முடித்த சொற்றொடரையே கையில் எடுத்து கோல்சன் தன் சோலோவைத் தொடங்குவார். மூன்றாம் தடவை, ஒவ்வொரு எட்டு பாரின் கடைசி இரண்டு பாரில் டிரம்ஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும். அங்கேதான் பிளேக்கி அடுத்த பகுதிக்கு ஆளைத் தள்ளி அனுப்புகிறார்.

தொகுப்பின் முதல் வெளியீட்டில் பெயர் ‘ஆர்ட் பிளேக்கி அண்டு தி ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ மட்டுமே. ‘மோனின்’ என்ற பெயர் பாட்டின் புகழால் பின்னால் ஒட்டியது. அதே தொகுப்பிலுள்ள ‘ப்ளூஸ் மார்ச்’ கோல்சன் எழுதியது. ராணுவ அணிவகுப்பு ஸ்நேர் (அடித்தோலில் கம்பிகள் கட்டிய முரசு) அடியில் பன்னிரண்டு பார் ப்ளூஸ். பிளேக்கியைத் தவிர வேறு யார் வாசித்தாலும் அது பள்ளிக்கூட பேண்ட் போல ஆகிவிடும் அபாயம் உண்டு.

அவருக்கே உரிய அந்த ‘பிரஸ் ரோல்’ என்ன? எப்படி வாசிப்பது?

ஸ்நேர் மேல் அமைதியாகத் தொடங்கி, சில எண்ணிக்கைக்குள் இடியாக வளர்ந்து, அடுத்த பகுதியின் முதல் எண்ணிக்கையில் சிம்பலோடு வெடிக்கும் உருட்டல். ஒரு சோலோ முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலோ, நல்ல சோலோ அடுத்த கோரஸுக்குள் நுழையும் இடத்திலோ வரும்.

கற்கும் வழி: முதலில் ஒற்றைக் கை. குச்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தோலின் மேல் விழவிட்டு, லேசாக அழுத்துங்கள். குச்சி தானாகப் பல முறை துள்ளி ‘ஜ்ஜ்ஜ்’ என்று ஒலிக்கும். வலக்கையின் ‘ஜ்ஜ்’ நீளமும் இடக்கையின் நீளமும் சமமாகும்வரை தனித்தனியே செய்யுங்கள். பிறகு மெட்ரோனோமை 60இல் வைத்து, எண்ணிக்கைக்கு மூன்று என்று திஸ்ரமாகக் கைகளை மாற்றுங்கள். ஒரு கையின் துள்ளல் அடங்குவதற்குள் மறுகை விழுந்துவிட வேண்டும். இடைவெளி கேட்டால் இன்னும் வேகம் கூட்டக் கூடாது, துள்ளலை நீட்ட வேண்டும்.

அது கைவந்ததும் இடக்காலில் ஹை-ஹாட்டை (காலால் மிதித்து மூடும் சிம்பல் ஜோடி) இரண்டிலும் நான்கிலும் சேருங்கள். இதுதான் பலர் தவறவிடும் படி. பிளேக்கியின் ரோல் உயரும்போதும் அந்தக் கால் நிற்காது, அதனால்தான் எவ்வளவு ஆரவாரத்திலும் குழு வழி தவறுவதில்லை. கடைசியாக ஒலியை வளர்ப்பது: தோலின் விளிம்பருகே தொடங்கி நடுவை நோக்கி நகருங்கள், முன்கையின் கனத்தை மெல்ல இறக்குங்கள். முதலில் எட்டு எண்ணிக்கை ரோல், பிறகு நான்கு. அடுத்த ‘ஒன்று’ வரும்போது கிராஷ் சிம்பலும் பாஸ் டிரம்மும் ஒன்றாக விழ, வலக்கை உடனே தாளம் ஓட்டும் ரைட் சிம்பலுக்குப் போய்விட வேண்டும்.

என் ரோல் ‘டரடரடர’ என்று தகர ஓசை தருகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பிடி இறுக்கம்: விரல்கள் குச்சியை நெரித்தால் துள்ளல் இரண்டு மூன்றோடு செத்துவிடும். ஸ்நேர் கம்பிகள் அதிக இறுக்கம்: மெல்லிய வாசிப்பில் அவை பேசாது, திடீரென்று பலமாக அடிக்கும்போது மட்டும் கத்தும். தளர்த்திப் பாருங்கள். மூன்றாவது, கைகளின் வேகம் பாட்டின் வேகத்தோடு தொடர்பில்லாமல் ஓடுவது. ரோல் தாறுமாறான அதிர்வு போலத் தோன்றினாலும் உள்ளே கை மாறும் கணக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவில் ‘ஒன்று’ தாமதமாக வரும், சோலோ வாசிப்பவர் தடுமாறுவார்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் ஒன்று இருக்கிறது: ரோலை அடிக்கடி வாசிப்பது. எட்டு பாருக்கு ஒருமுறை வந்தால் அது அறிவிப்பாக இருக்காது, வெறும் சத்தம்.

அவர் சுவிங் ஏன் அவ்வளவு அழுத்தமாக இருக்கிறது?

ஹை-ஹாட்தான். ரைட் சிம்பலில் எல்லா ஜாஸ் டிரம்மரும் வாசிப்பது அடிப்படையில் ஒன்றே: ஒன்று, இரண்டு, இரண்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கு, மூன்று, நான்கு, நான்கின் கடைசிப் பங்கு. பலர் இரண்டிலும் நான்கிலும் ஹை-ஹாட்டை மெல்ல மூடுவார்கள். பிளேக்கி கடித்து மூடுவார். ‘சக்… சக்…’ என்று அது குழுவுக்கே முதுகெலும்பாக நிற்கும்.

அதற்கு மேல் அவர் இடக்கை திஸ்ரத்தை வைத்து விளையாடும். நான்கு நான்காக ஓடும் பாட்டின் மேல் மூன்று மூன்றாக ஸ்நேரிலும் டாம் என்ற கம்பியில்லா முரசிலும் தொகுதி கட்டி, சில பார்களுக்குப் பிறகு சரியாக ‘ஒன்றில்’ வந்து இறங்குவார். அதே காலத்து டிரம்மர் மேக்ஸ் ரோச்சின் வாசிப்பில் கணக்கு தெளிவாகத் தெரியும், அழகு அதில் இருக்கிறது. இன்னொரு டிரம்மர் ஃபில்லி ஜோ ஜோன்ஸிடம் நயம். பிளேக்கியிடம் கணக்கு உடம்புக்குள் போய்விட்டது, வெளியே தெரிவது தள்ளுவிசை மட்டும்.

டாம் மேல் முழங்கையை வைத்து அழுத்துகிறாரே, அது எதற்கு?

சுருதி மாற்ற. தோலின் மேல் முழங்கையை அழுத்தினால் இழுவிசை கூடி ஒலி மேலே ஏறும், விட்டால் இறங்கும். ஒரு கை குச்சியால் அடிக்க, மறுமுழங்கை அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் முரசு பேசும். டாமை மிக இறுக்கி வைத்திருந்தால் ஏற இடமே இருக்காது. மிகத் தளர்த்தினால் அடிப்படைச் சுருதியே தெரியாது. விரலால் அழுத்தும்போது சற்றே இணங்கும் இறுக்கம் போதும். அழுத்திய இடத்துக்கு எதிர்ப்பக்கம் அடித்தால் மாற்றம் நன்றாகக் கேட்கும்.

என்ன டிரம்ஸ் பயன்படுத்தினார்? அந்த ஓசை கிடைக்க என்ன வாங்க வேண்டும்?

கிரெட்ச் நிறுவனத்தின் டிரம்ஸோடு அவர் பெயர் நெடுங்காலம் இணைந்திருந்தது. 1960 ஏப்ரலில் பேர்ட்லாண்டில் நடந்த கிரெட்ச் டிரம் இரவில் எல்வின் ஜோன்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ், சார்லி பெர்சிப் ஆகியோரோடு வாசித்த பதிவும் இருக்கிறது.

புதிதாகக் கட்டமைப்பவருக்கு எங்கள் பரிந்துரை: 20 அங்குல பாஸ் டிரம், இரண்டு பக்கத் தோலும் துளையில்லாமல், உள்ளே தலையணை திணிக்காமல். 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம், 14 அங்குல ஸ்நேர். 14 அங்குல ஹை-ஹாட், 20 அல்லது 22 அங்குல ரைட், அது கனம் குறைந்து, சற்று இருண்ட ஒலியுடையதாக இருக்கட்டும். ராக் இசைக்கு வாங்கிய 22 அங்குல பாஸ் டிரம்மும் உதவும், உள்ளே உள்ள துணியை எடுத்துவிட்டுத் தோலை இறுக்கினால் போதும். மேல்தோல் வெள்ளைப் பூச்சுள்ளது.

இன்னொரு விவரம்: பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது 1957 வாக்கில். 1954 பேர்ட்லாண்ட் பதிவின் ஓசை கன்றுத் தோலின் ஓசை. ஈரம் ஏறினால் தளரும், விளக்குச் சூட்டில் இறுகும். அந்தக் கதகதப்பை இன்றைய தோலில் அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பிளேக்கி பாட்டு எழுதினாரா?

மிகக் குறைவு. இசைக் குறிப்பைப் பார்த்து வாசிப்பவரும் அல்லர், கேட்டே பிடிப்பார். இதை அவருடைய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. குழு முப்பத்தைந்து வருடம் புதிதாக இருந்ததற்குக் காரணமே இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். எழுதும் பொறுப்பை இசை இயக்குநர் ஒருவரிடம் முழுமையாகக் கொடுத்துவிடுவார். சில்வர், கோல்சன், பிறகு 1959 முதல் 1964 வரை வெய்ன் ஷார்ட்டர், எழுபதுகளின் கடைசியில் பாபி வாட்சன், எண்பதுகளில் டெரன்ஸ் பிளான்ச்சர்ட் அந்த இடத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் குழுவுக்கு வேறு நிறம் தந்தார்கள்.

கோல்சன் இருந்த காலம் ஒரு வருடத்துக்கும் குறைவு. அதற்குள் பாட்டுப் பட்டியலைப் புதுப்பித்தார், சீருடை கொண்டுவந்தார், நேரத்துக்கு வரச் சொன்னார், கூடுதல் சம்பளம் கேட்க வைத்தார், 1958 கடைசியில் ஐரோப்பியப் பயணத்துக்கு வழி செய்தார். தன்னைவிட பத்து வயது இளைய ஒருவர் தன் குழுவை இப்படி ஒழுங்குபடுத்த விட்டுக்கொடுத்ததில் பிளேக்கியின் தலைமை தெரிகிறது. புதியவர் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தால் அது முதலில் ஒத்திகைக்கு, கொஞ்ச நாளில் மேடைக்கு. டிரம்ஸ் பகுதியை யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. இரண்டு முறை கேட்டால் எங்கே அழுத்தம், எங்கே நிறுத்தம் என்று அவரே வடிவம் போட்டுவிடுவார்.

எந்தக் காலத்து மெசஞ்சர்ஸ் சிறந்தது?

1961 முதல் 1964 வரையிலான ஆறு பேர் குழு. ஃப்ரெடி ஹப்பர்ட் ட்ரம்பெட், கர்ட்டிஸ் ஃபுல்லர் ட்ராம்போன், ஷார்ட்டர் டெனர், சீடர் வால்டன் பியானோ, டபுள் பேஸில் முதலில் ஜிமி மெரிட், பிறகு ரெஜி வொர்க்மன். மூன்று ஊதுகருவிகள் சேர்ந்ததால் ஓசை அகன்றது, ஷார்ட்டரின் எழுத்தும் அப்போதுதான் உச்சிக்குப் போனது. 1964 பிப்ரவரி 10 அன்று பதிவான ‘ஃப்ரீ ஃபார் ஆல்’ தொகுப்பின் தலைப்புப் பாட்டில் பிளேக்கி ஷார்ட்டரைத் துரத்தும் துரத்தலைக் கேட்டால் டிரம்ஸ் துணைக்கருவி என்ற எண்ணமே போய்விடும். 1963இல் பேர்ட்லாண்டில் பதிவான ‘உகெட்சு’ அதைவிடச் சமநிலையானது. பெயரும் சில பாட்டுகளும் ஜப்பானை நினைவுகூர்பவை. 1961 ஜனவரியில் ஜப்பான் சென்றபோது கிடைத்த வரவேற்பைக் குழு மறக்கவே இல்லை.

போதைப் பழக்கம் பற்றிச் சொல்கிறார்களே?

மறைக்க வேண்டியதில்லை. பிளேக்கி ஹெராயின் பழக்கம் உள்ளவராக இருந்தார், குழுவிலும் அது புழங்கியது. 1961இல் மோர்கனும் டிம்மன்ஸும் விலகியதில் அதற்குப் பங்கு உண்டு. டிம்மன்ஸ் 1974இல் 38 வயதில் போய்விட்டார். மெசஞ்சர்ஸை இளைஞர்களின் பள்ளி என்று புகழும்போது இதையும் சேர்த்தே சொல்வது நேர்மை.

அறுபதுகளுக்குப் பிறகு குழு என்ன ஆனது?

ராக் இசை எழுந்த காலத்தில் ஜாஸ் கிளப்புகள் மூடின, பதிவு ஒப்பந்தங்கள் போயின. 1966இல் கீத் ஜாரட்டும் சக் மஞ்சியோனும் சிறிது காலம் குழுவில் இருந்தார்கள். பின்னர் பியானோவில் ஜோஆன் பிராக்கீன். 1971-72இல் கில்லெஸ்பி, மங்க், சன்னி ஸ்டிட் முதலியோரோடு ‘ஜயன்ட்ஸ் ஆஃப் ஜாஸ்’ உலகப் பயணம்.

திரும்ப வெளிச்சம் வந்தது 1980இல், பதினெட்டு வயது ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் சேர்ந்தபோது. ‘ஆல்பம் ஆஃப் தி இயர்’, ‘ஸ்ட்ரெய்ட் அஹெட்’ இரண்டும் 1981 பதிவுகள். அவருக்குப் பின் பிளான்ச்சர்டும் டொனால்ட் ஹாரிசனும். அந்தக் குழுவின் ‘நியூயார்க் சீன்’ கிராமி விருது பெற்றது. கென்னி காரட், வாலஸ் ரோனி, முல்க்ரூ மில்லர், பென்னி கிரீன், பிரையன் லின்ச் என்று பட்டியல் கடைசி வரை நீளும்.

இளைஞர்களுக்கு உண்மையில் என்ன கற்றுக்கொடுத்தார்?

பாடம் எடுக்கவில்லை. மேடையில் ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொல்லி அறிமுகப்படுத்துவார். மெதுவான பாட்டு ஒன்றை ஒருவரிடம் தனியாக ஒப்படைப்பார். வேகத்தில் ஒளிந்துகொள்ள முடியாத இடம் அது. சோலோவை நீட்டிக்கொண்டே போனால் பிரஸ் ரோல் வரும், அது ‘போதும், இறங்கு’ என்பதற்கும் ‘இன்னும் ஏறு’ என்பதற்கும் பொது. எது என்று வாசிப்பவருக்குப் புரிந்துவிடும். தயாராகிவிட்டார் என்று தோன்றினால் தனிக்குழு நடத்தப் போகச் சொல்லிவிடுவார். நல்ல ஆள் போகிறாரே என்று பிடித்து வைக்கவில்லை.

கடைசிக் காலத்தில் காது கேட்கவில்லை என்பது சரியா?

செவித்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. கேட்புக் கருவி தாளத்தைக் குழப்புகிறது என்று மேடையில் அதைத் தவிர்த்து, அதிர்வை உணர்ந்து வாசித்தார். 1989 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் எழுபதாம் பிறந்தநாள் கச்சேரி. பழைய மெசஞ்சர்கள் பலர் மேடைக்கு வந்தார்கள், டிரம்மர் ராய் ஹெய்ன்ஸும் கூட. கடைசித் தொகுப்பு ‘ஒன் ஃபார் ஆல்’ 1990 ஏப்ரலில் பதிவானது.

எந்த வரிசையில் கேட்கத் தொடங்கலாம்?

‘மோனின்’, அடுத்து ‘எ நைட் அட் பேர்ட்லாண்ட்’, பிறகு 1960இன் ‘எ நைட் இன் டுனீசியா’, அப்புறம் ‘மொசைக்’, ‘ஃப்ரீ ஃபார் ஆல்’. ‘ஆர்ஜி இன் ரிதம்’ டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு மட்டும், அதுவும் பிறகு.

தேதியில் கவனம் தேவை. ‘ஜஸ்ட் கூலின்’ 1959 மார்ச்சில் பதிவாகி 2020இல் வெளிவந்தது. ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட் டு டோக்கியோ’ 1961 ஜனவரிப் பதிவு, வெளியானது 2021. வெளியீட்டு ஆண்டை வைத்து வரிசைப்படுத்தும் செயலிகளில் இவை அவர் இறந்து முப்பது வருடம் கழித்துச் செய்தவை போலத் தெரியும். ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்ற ஒரே தலைப்பிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் உண்டு. வாங்கும்முன் வாசித்தவர் பட்டியலையும் பதிவுத் தேதியையும் பாருங்கள்.

போனில் கேட்டால் டிரம்ஸ் தெளிவாக இல்லை. பழைய பதிவு என்பதாலா?

பெரும்பாலும் போன் ஸ்பீக்கரின் குறை. பாஸ் டிரம்மை நான்கு எண்ணிக்கையிலும் மிக மெல்லத் தொட்டுக்கொண்டே போகும் வழக்கம் ஜாஸில் உண்டு. சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது, டபுள் பேஸும் பாதி காணாமல் போகும். சாதாரண ஹெட்போன் போதும். வான் கெல்டர் 1959 வரை பதிவு செய்தது ஹாக்கன்சாக்கில் அவர் பெற்றோர் வீட்டு முன்னறையில்தான், அப்படியிருந்தும் டிரம்ஸை இவ்வளவு அருகில் பிடித்தார். அந்தக் காலத்துச் சில ஸ்டீரியோ பதிப்புகளில் டிரம்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்டால் ஒன்று ஊதுகருவிகள் போய்விடும், அல்லது பிளேக்கியே போய்விடுவார். மோனோ பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். ஹை-ஹாட்டும் ட்ரம்பெட்டும் ஒரே இடத்திலிருந்து வரும்.